தணல் இருந்த இடத்தில் தழை: கிறிஸ்துமஸ் மேன்டல் அலங்காரம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

டிசம்பர் பிறந்தால் அமெரிக்க, பிரிட்டிஷ் வீட்டலங்காரப் பத்திரிகைகளில் ஒரு படம் தவறாமல் வரும். சுவரோடு சேர்ந்த ஃபயர்பிளேஸ். அதன் மேலே நீளமான பலகை. பலகையின் விளிம்பில் தேவதாருத் தழைகளால் கட்டிய தடித்த மாலை, இரண்டு பக்கமும் தரை வரைக்கும் வழிகிறது. மாலைக்குள் சின்னச்சின்ன மஞ்சள் விளக்குகள், அதற்குக் கீழே நாலைந்து காலுறைகள். எல்லாம் அழகுதான். ஆனால் அடுத்த தடவை அந்தப் படத்தைப் பார்க்கும்போது மாலையை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கிற குழியைப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் அங்கே நெருப்பு இருக்காது. மெழுகுவர்த்திகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அல்லது எரிக்கவே எரிக்காத வெள்ளைப் பட்டை விறகுகளை அடுக்கியிருப்பார்கள். சிலதில் வெறும் கறுப்புப் பொந்து மட்டும்.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது இதுதான்: மேன்டல் மாலை அடுப்பை அலங்கரிப்பதில்லை, அடுப்பு அணைந்துபோனதை அலங்கரிக்கிறது. நெருப்பு வீட்டைவிட்டு வெளியேற வெளியேற மாலை தடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அப்படி வந்ததில் ஒரு பழைய கேள்வி காணாமல் போய்விட்டது என்பது என் வாதம்.

முதலில் சொற்கள். ஃபயர்பிளேஸுக்குத் தமிழில் கணப்பு என்ற சொல் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய பங்களாக்களில் கணப்பை இன்னமும் பார்க்கலாம். மேலே இருக்கும் பலகை மேன்டல். இந்தச் சொல்லும் போர்வை, மேலங்கி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆரம்பத்தில் அது பலகையே இல்லை. புகை அறைக்குள் பரவாமல் பிடித்து மேலே அனுப்புகிற, நெருப்புக்கு மேல் போர்வைபோல் நீட்டிக்கொண்டிருந்த கூண்டு. அதாவது வேலை செய்கிற உறுப்பு. பொம்மையும் கடிகாரமும் வைக்கிற அலமாரியானது பின்னாடிதான்.

மாலை கட்டும் விதம்

இன்றைய செய்முறையைப் பார்ப்போம். மேன்டலின் நீளத்தை அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் எவ்வளவு தொங்க வேண்டுமோ அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆணி அடித்தால் பலகை வீணாகும் என்பதால் ஒட்டிப் பிரிக்கிற பிளாஸ்டிக் கொக்கிகள். பிளாஸ்டிக் மாலை என்றால் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒவ்வொரு கிளைநுனியையும் விரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சப்பையாகத் தெரியும். அதன்மேல் நிஜமான சீடர், யூகலிப்டஸ், மக்னோலியா இலைகளைச் செருகினால் பிளாஸ்டிக் மறைந்துவிடும். மாலை கட்டும்போதே விளக்குச் சரத்தையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

இந்தச் செய்முறையில் கணப்பு எங்கே வருகிறது? பெரும்பாலும் கடைசியில், எச்சரிக்கையாக வருகிறது. நிஜத் தழை என்றால் அடியில் நெருப்பு மூட்டாதீர்கள், சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்த ஊசியிலை பிசின் உள்ள சருகு, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், எரியக்கூடிய எதையும் கணப்பு போன்ற வெப்பமூலங்களிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி வைக்கச் சொல்கிறது. கணப்பின் வாயை ஒட்டி இரண்டு பக்கமும் வழிகிற மாலை அந்த 3 அடிக்கு உள்ளேதான் இருக்கும், இல்லையா? ஆக, விதியை மதித்தால் ஒன்று மாலை இருக்கலாம், அல்லது நெருப்பு இருக்கலாம். பத்திரிகைப் படங்கள் மாலையைத் தேர்ந்தெடுத்துவிட்டன.

பழைய பிரதிகளில் பச்சை எங்கே இருந்தது?

"இது காலங்காலமாக வரும் மரபு" என்று சொல்லும்போது பலரும் மனதில் வைத்திருப்பது 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளை. அதனால் அவற்றையே திரும்பப் புரட்டினேன்.

வாஷிங்டன் இர்விங் 1819-20இல் பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி ஸ்கெட்ச் புக்' நூலில் கிறிஸ்துமஸ் அத்தியாயங்கள் உண்டு. அமெரிக்கரான இர்விங் ஓர் ஆங்கிலேயப் பண்ணை வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடப்படுவதாக எழுதுகிறார். அந்தக் கூடத்தின் கணப்பில் நிலக்கரிக்கான இரும்புத் தட்டை எடுத்துவிட்டு, பெரிய மரக்கட்டை ஒன்றை எரிய விட்டிருக்கிறார்கள். அதுதான் யூல் கட்டை. கணப்புக்கு மேலே சுவரில் கவசம் அணிந்த ஒரு மூதாதையின் படம் தொங்குகிறது. கிறிஸ்துமஸ் விருந்தன்று பச்சையைச் சுற்றுவது அந்தப் படத்தின் மேல். எதிர்ச் சுவரில் தொங்கும் தலைக்கவசத்தையும் ஆயுதங்களையும் சுற்றி ஹோலியும் ஐவியும் கட்டியிருக்கிறார்கள். தழை மூதாதைக்கு, கட்டை கணப்புக்கு என்று வேலை பிரித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரும்புத் தட்டை எடுத்துவிட்டுத்தான் மரக்கட்டையைப் போட வேண்டியிருக்கிறது. அன்றாட எரிபொருள் அதற்குள் நிலக்கரி ஆகிவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம். 1820லேயே யூல் கட்டை ஒரு பழம்பெருமைக் காட்சி. அமெரிக்க கிறிஸ்துமஸ் எப்படி 19ஆம் நூற்றாண்டில் புதிதாக உருவாக்கப்பட்டது என்பதை ஸ்டீபன் நிஸன்பாம் 1996இல் 'தி பேட்டில் ஃபார் கிறிஸ்துமஸ்' நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஏக்கம் இதன் பிறவிக் குணம். என் ஆட்சேபம் ஏக்கத்தின் மேல் இல்லை. எதற்காக ஏங்குகிறோம் என்பது மாறிப்போனதுதான் பிரச்சினை.

அடுத்து டிக்கன்ஸ். 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் 6000 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தன. இந்தக் கதையைத் திருந்திய கஞ்சன் கதையாகத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நெருப்பை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். முழுக்க முழுக்க நிலக்கரி பற்றிய கதையாகத் தெரியும்.

தொடக்கத்தில் ஸ்க்ரூஜின் அலுவலகத்தில் இரண்டு நெருப்புகள். அவருடையதே சின்னது. குமாஸ்தா பாப் கிராட்சிட்டுடையது ஒரே ஒரு கரித்துண்டு மாதிரி. கரிப்பெட்டி முதலாளியின் அறைக்குள் இருக்கிறது. கரி எடுக்க உள்ளே போனால் வேலை போய்விடும் என்ற பயம். பாவம், அந்த மனுஷன் மெழுகுவர்த்தியில் குளிர் காயப் பார்க்கிறார். ஸ்க்ரூஜின் வீட்டுக் கணப்போ அலங்காரமானது. பைபிள் காட்சிகள் தீட்டிய டச்சு ஓடுகள் சுற்றிலும் பதித்தது. ஆனால் நெருப்பு அற்பம். நெருங்கிக் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் சூடு கிடைக்கும். நல்ல சட்டகம், உள்ளே கனல் இல்லை. நம் பத்திரிகைப் படத்தை டிக்கன்ஸ் முன்கூட்டியே எழுதிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு நிகழ்காலக் கிறிஸ்துமஸின் ஆவி வருகிறது. அதே அறை தோப்பு மாதிரி ஆகிவிடுகிறது. சுவரெங்கும் கூரையெங்கும் பச்சை. கணப்பில் பெருநெருப்பு. இங்கே டிக்கன்ஸ் ஒரு நுணுக்கம் செய்கிறார்: ஹோலி, மிஸில்டோ, ஐவி இலைகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் குட்டிக் கண்ணாடிகளாக மின்னுகின்றன. பளபளப்பான இலைகளைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவருவதன் காட்சிப் பயன் முழுவதும் இந்த ஒரு வர்ணனையில் இருக்கிறது. ஒளி நெருப்பிலிருந்து புறப்படுகிறது, இலை அதை வாங்கித் தருகிறது. இன்றைய மாலையில் இது தலைகீழ். எல்.இ.டி. சரம் மாலைக்குள்ளேயே இருக்கிறது, இலை தன்னைத்தானே வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, கணப்பு இருட்டில் கிடக்கிறது.

அதே அத்தியாயத்தில் ஆவி ஸ்க்ரூஜை வேறு எங்கே கூட்டிப்போகிறது தெரியுமா? பொட்டல் வெளியில் ஒரு குடிசைக்கு. அங்கே சுரங்கத் தொழிலாளர் குடும்பம் ஒன்று நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பூமிக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள். டிக்கன்ஸ் அந்த வருஷங்களில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு ஆணையத்தின் அறிக்கைகளைப் படித்துக் கொதித்துப்போயிருந்தார். சுரங்கங்களில் பெண்களும் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்ததே 1842இல்தான். கணப்பின் முன்னால் வாசகரை உட்காரவைத்துவிட்டு, உலகத்தின் அடிவயிற்றில் இறங்கி உழைக்கிறவர்கள் யார் என்றும் டிக்கன்ஸ் காட்டிவிடுகிறார்.

முடிவில் ஸ்க்ரூஜ் திருந்தியதற்குச் சாட்சி என்ன? வான்கோழி, சம்பள உயர்வு எல்லாம் உண்டு. ஆனால் மறுநாள் அலுவலகத்தில் கிராட்சிட்டுக்குப் போடுகிற கட்டளை வேறு: ஓர் எழுத்து எழுதுவதற்கு முன்னால் நெருப்பை மூட்டு, இன்னொரு கரிக்கூடை வாங்கு. மனமாற்றத்தைக் கரிக்கணக்கில் அளந்து காட்டுகிற கதை இது. 1992இல் வந்த 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்' குழந்தைகளுக்கான பொம்மைப் படம்தான், ஆனால் அதில் கணக்கெழுதும் எலிகள் குளிர் தாங்காமல் கரி கேட்கின்றன. வேலை போய்விடும் என்று ஸ்க்ரூஜ் மிரட்டியதும் சட்டென்று வெயில் அடிப்பதுபோல் நடிக்கின்றன. அந்தச் சிரிப்பில் டிக்கன்ஸின் மையக் கேள்வி அப்படியே உயிரோடு இருக்கிறது.

காலுறைக்கும் வருவோம். 'எ விசிட் ஃப்ரம் செயின்ட் நிக்கலஸ்' கவிதை 1823 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரப் பத்திரிகையில் பெயரில்லாமல் வந்தது. புகைபோக்கி ஓரத்தில் காலுறை தொங்குவது அதில் உண்டு. மேன்டல் மாலை இல்லை. அதில் வளையமாகச் சுற்றுவது ஒன்றே ஒன்று, செயின்ட் நிக்கலஸின் தலையைச் சுற்றும் சுங்கான் புகை. அவர் புகைபோக்கி வழியாகக் கரி அப்பிய உடையோடு இறங்குகிறார். அதே காலத்து இங்கிலாந்தில் புகைபோக்கிக்குள் நிஜமாகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்கள் சின்னப் பையன்கள், கரி சுரண்டுவதற்காக. 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் ஆலிவரை அந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளத்தான் கேம்ஃபீல்ட் வருகிறான். பல சட்டங்கள் போட்டும் நிற்காமல் 1875 சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கொடுமை ஓய்ந்தது.

இதையெல்லாம் வைத்து, அந்தக் காலத்தில் யாரும் மேன்டல் மேல் தழை வைக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹோலிக் கொத்தை ஜன்னலிலும் படச்சட்டத்திலும் பலகை மேலும் செருகினார்கள். ஒரு கொத்துக்கும் தரை வரைக்கும் வழிகிற மாலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் இதற்கு நல்ல உதாரணம். 18ஆம் நூற்றாண்டு நகரத்தை மீட்டுக் கட்டிய அருங்காட்சியகம் அது. அங்கே கிறிஸ்துமஸுக்கு ஆப்பிளும் அன்னாசியும் கோத்து வைக்கும் புகழ்பெற்ற பச்சை அலங்காரங்கள் 1930களில் தொடங்கியவை. 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் அப்படி யாரும் செய்யவில்லை என்று அருங்காட்சியகமே சொல்கிறது. பார்ப்பவர்களுக்கு மட்டும் அது 'பழங்காலம்' ஆகிவிட்டது.

நெருப்பு எப்போது வெளியேறியது?

டிக்கன்ஸ் கேரலை எழுதிய அதே 1843இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹாதார்ன் 'ஃபயர் வொர்ஷிப்' என்ற கட்டுரையை எழுதினார். தன் படிப்பறைக் கணப்பின் இடத்தை மூடிய இரும்பு அடுப்பு பிடித்துக்கொண்டதற்கான ஒப்பாரி அது. கணப்பைச் சுற்றி உட்காராத குடும்பம் குடும்பமாக இருக்குமா என்று கவலைப்படுகிறார். நம் கணப்புக்காகப் போரிடுவோம் என்று முழங்கலாம், இரும்பு அடுப்புக்காக யார் போரிடுவார்கள் என்று கிண்டலும் செய்கிறார்.

நூறு வருஷம் கழித்து, 1945 டிசம்பரில் ஜார்ஜ் ஆர்வெல் லண்டன் செய்தித்தாள் ஒன்றில் திறந்த கணப்புக்கு ஆதரவாக எழுதினார். அது வீண்செலவு, அழுக்கு, வேலை அதிகம் என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். அவருடைய வாதம் எனக்குப் பிடித்த ஒன்று: கரி நெருப்பு அறையின் ஒரு முனையை மட்டும்தான் சூடாக்கும், அதனால்தான் மனிதர்கள் நெருங்கி உட்கார வேண்டியிருக்கிறது. குறைதான் உறவை உண்டாக்குகிறது. வீடு முழுவதும் ஒரே சீராகச் சூடு பரவினால் ஆளுக்கொரு அறை. எழுதியவர் லேசான ஆள் இல்லை, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு 1937இல் 'தி ரோட் டு விகன் பியர்' எழுதியவர்.

ஆனால் ஆர்வெலுக்குச் சரித்திரம் கொடுத்த பதில் கொடூரமானது. ஏழே வருஷத்தில், 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைப்பனி மூடியது. காற்று அசையவில்லை. கடுங்குளிரில் வீடுதோறும் கணப்பு எரிந்தது, ஆலைகளும் மின்நிலையங்களும் சேர்ந்துகொண்டன. அன்றைய அரசு கணக்கிலேயே சுமார் 4000 பேர் கூடுதலாகச் செத்தார்கள். பின்னாளைய ஆய்வு ஒன்று 12,000 வரை போகிறது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால்! 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, புகைக்கட்டுப்பாட்டு வட்டாரங்கள் வந்தன. கணப்புகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. அது நல்லதுதான். நெருப்பைத் திரும்ப மூட்டுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

இடம் மட்டும் காலியாக நின்றது. அதை முதலில் நிரப்பியது ஒரு படச்சுருள். 1966 டிசம்பர் 24 அன்று நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ். தொலைக்காட்சி, விளம்பரங்களைத் தள்ளிவிட்டு, எரிகிற கணப்பு ஒன்றை மூன்று மணி நேரம் காட்டியது. கணப்பில்லாத அடுக்குமாடிக்காரர்களுக்கான பரிசு. மேயரின் இல்லமான கிரேஸி மேன்ஷனில் எடுத்தார்கள். படம் தெளிவாக வரட்டும் என்று தடுப்பு வலையை எடுத்ததால் பொறி தெறித்து விலையுயர்ந்த கம்பளம் கருகியதாம். எடுத்தது வெறும் 17 வினாடிச் சுருள், அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 1970இல் மறுபடியும் எடுத்தபோது கலிபோர்னியாவின் கோடை வெயிலில் எடுத்தார்கள். இன்று நெட்ஃபிளிக்ஸிலும் கணப்பு எரிகிறது. மேன்டலுக்கு மேல் டி.வி. மாட்டியிருக்கும் வீடுகளில் மாலைக்கு மேலே நெருப்பு, கீழே காலிக் குழி!

இதைக் கேலி செய்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த நிகழ்ச்சி நேர்மையானது என்று நினைக்கிறேன். உன் வீட்டில் நெருப்பில்லை, இந்தா ஒரு படம் என்று வெளிப்படையாகச் சொன்னது. பத்திரிகை மேன்டலோ "கதகதப்பு" என்ற சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் போட்டுவிட்டுச் சூட்டைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

மதிப்பீடு

தமிழில் குளிர் காய்தல் என்று சொல்கிறோம். பிறர் துன்பத்தில் குளிர் காய்பவன் என்று வசையாகவும் சொல்கிறோம். குளிர் காய்வதில் ஒழுக்கம் சம்பந்தப்பட்ட ஒரு கேள்வி ஒளிந்திருப்பது நம் மொழிக்குத் தெரிந்திருக்கிறது: எரிவது எது, காய்வது யார்? டிக்கன்ஸிடம் இருந்ததும் அதே கேள்விதான். கரிப்பெட்டி யார் அறையில் இருக்கிறது? மேன்டல் மாலை மறைத்துவிட்டது இதைத்தான்.

கேள்வி பழசாகிவிட்டது என்று யாராவது சொன்னால், இல்லை. பிரிட்டனில் எரிபொருள் வறுமை என்பது சட்டத்தில் வரையறுக்கப்பட்ட விஷயம், 2000இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். 2022 குளிர்காலத்தில் மின்சார, எரிவாயு விலை ஏறியபோது நூலகங்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்து, வந்து உட்கார்ந்து குளிர் காய்ந்துகொள்ளுங்கள் என்றன. வார்ம் பேங்க் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஹீட்டரைப் போடுவதா, சமைப்பதா என்று கணக்குப் பார்த்த வீடுகளிலும் மேன்டல் இருந்திருக்கும். மலிவு விலை பிளாஸ்டிக் மாலையும் இருந்திருக்கலாம். கிராட்சிட்டின் ஒற்றைக் கரித்துண்டு இன்று தெர்மோஸ்டாட்டில் ஓர் எண்ணாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மாலையே கட்டக்கூடாதா? தாராளமாகக் கட்டலாம். ஊசியிலை வாசனையும் ஹோலியின் சிவப்பும் இருண்ட டிசம்பருக்கு வேண்டியவைதான். எனக்கு நல்ல மேன்டல் என்று படுவது அளவு தெரிந்த மேன்டல். நெருப்பு எரிகிற வீட்டில் பலகைக்கு மேலே சுவரில், படச்சட்டத்தைச் சுற்றி, இர்விங்கின் பண்ணை வீட்டில் இருந்ததுபோல் தூரமாக ஒரு கொத்து போதும். சுடர் இலையில் பட்டுத் திரும்பினால் அலங்காரம் முடிந்தது. நெருப்பில்லாத வீட்டில் மாலை தடிமனாகவே இருக்கட்டும். ஆனால் அடியில் பொய் விறகு அடுக்காமல் குழியைக் காலியாக விடலாம். ஒரு காலத்தில் இங்கே கரி எரிந்தது, அதை யாரோ வெட்டி எடுத்தார்கள், இந்தப் புகைபோக்கிக்குள் யாரோ ஏறினார்கள் என்று அந்தக் கறுப்பு சொல்லிக்கொண்டிருக்கும்.

கேரலைப் படமாக்குகிறவர்கள் எல்லோரும் ஹோலியைத் தேடித்தேடித் தொங்கவிடுகிறார்கள். டிக்கன்ஸின் ஸ்க்ரூஜ் திருந்திய மறுநாள் காலையில் தழை எதுவும் வாங்கவில்லை. இன்னொரு கரிக்கூடை வாங்கச் சொன்னார், அதுவும் தனக்கு இல்லை, குமாஸ்தாவின் அறைக்கு.